நான் பேசினால் எல்லோருக்கும் கேட்கிறது, அவர்களுக்குள் பேசினால் கேட்கவில்லை: பெல்ட்பேக் சந்தேகம்

தகடூரான், தர்மபுரி:

வணக்கம். தர்மபுரியில் 5 கேமரா வைத்து லைவ் எடுக்கிறோம். கல்யாணம், தேர், கூத்து, எருது விடும் விழா எல்லாம் உண்டு. எந்தக் கேமராப் படம் போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சர் மேசையில் 11 வருடமாக உட்காருவது நான்தான். மேசையும் கேமராக்காரர்களும் ஹெட்செட்டில் பேசிக்கொள்ளும் டாக்பேக், இந்தத் தைப்பூசத்தன்று பாதி வேலை செய்தது, பாதி செய்யவில்லை. முழுதாகச் செத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பாதி மட்டும் போனதால் யாருக்கும் தெரியாமல், எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு அடிபட்டுவிட்டது. ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை பிடிபடவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எதை விட்டாலும் அதில்தான் காரணம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் பழைய சாமான். 8 வருடம் ஓட்டியது அனலாக் பார்ட்டி லைன், எல்லோரும் ஒரே லைனில் பேசுவது. மைக் கேபிள்தான், 3 பின். ஒன்றாவது பின் எர்த், இரண்டாவதில் 30 வோல்ட், மூன்றாவதில் குரல். இடுப்பில் மாட்டும் பேச்சுப் பெட்டிதான் பெல்ட்பேக். ஒரு பெல்ட்பேக்கிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கோத்துக்கொண்டே போகலாம். ஆன் செய்த நொடியே பேசலாம். ஆனால் ஒரே சேனல். ஜிப் (கிரேன் கேமரா) ஆபரேட்டரிடம் பேசுவது எல்இடி திரை பார்க்கும் பையனுக்கும் கேட்கும். ஜெனரேட்டர் பக்கம் கேபிள் போனால் காதில் உர்ரென்று ஒரு இரைச்சல், 4 மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும். நடுவில் யாராவது ஒரு கேபிளை மிதித்துப் பிடுங்கிவிட்டால் அதற்கு அந்தப்பக்கம் இருக்கும் எல்லோரும் ஊமை.

அதனால் போன கார்த்திகையில் பெங்களூரில் ஒரு வாடகைக்காரர் கழித்த நெட்வொர்க் பெல்ட்பேக் 6 வாங்கினேன், மேசையில் வைக்கும் ஸ்டேஷன் ஒன்றும் சேர்த்து. கம்பெனிப் பெயர் வேண்டாம், சாமானில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. கேட்6 கேபிளிலேயே கரண்டும் போகும், குரலும் போகும். மெயின் ஸ்டேஷன் என்று ஒன்று கிடையாது, யார் எந்தச் சேனலில் என்பது ஒவ்வொரு பேக்கிலும் ஏற்றி வைத்திருக்கிறது. கேமரா ஒரு சேனல், லைட்டும் எல்இடியும் ஒரு சேனல், எல்லோருக்கும் பொது ஒன்று. ஸ்விட்ச் மட்டும் புதிதாக வாங்கவில்லை. ஊரில் சிசிடிவிக்குப் போடும் 8 போர்ட் பிஓஇ ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் கொடுக்கும் பெட்டி, ஏற்கெனவே கையில் இருந்தது. அதில் 6 போர்ட்டில் பெல்ட்பேக். என் மேசை ஸ்டேஷனுக்குத் தனி அடாப்டர் இருப்பதால் ஓரத்தில் இருந்த அப்லிங்க் போர்ட்டில் செருகினேன்.

வீட்டு மாடியில் 3 நாள் ஓட்டிப் பார்த்தோம். குரல் அவ்வளவு தெளிவு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி.

தைப்பூசத்தன்று குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அன்று பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கும் தேர் அது. அதனால் வடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மூன்றாம் கேமராவை எங்கள் குழுவில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். நிலையிலிருந்து முதல் திருப்பம் வரை அவள் பொறுப்பு. நான்காம் கேமரா தெருக்கோடியில் ஒரு மாடியில். அங்கே கேபிள் இழுத்தால் 130 மீட்டர் வந்துவிட்டது. பேக்கில் விளக்கு எரிகிறது, ஆனால் நெட்வொர்க் விட்டுவிட்டு வருகிறது. ஸ்விட்சின் முன்பக்கம் 250 மீட்டர் என்று எழுதி ஒரு சின்ன ஸ்லைடு இருந்ததை எங்கள் பையன் பார்த்தான். அதைத் தள்ளியதும் நான்காம் கேமரா வந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "ஒன்று, கேட்குதா?" "கேட்குதுண்ணா." "மூணு?" "கேட்குதுண்ணா." ஐந்து பேரும் பதில் சொன்னார்கள். சரி, எல்லாம் ஓகே என்று லைவை ஆரம்பித்துவிட்டேன்.

தேர் திருப்பத்துக்கு வந்தபோது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்பினார்கள். தேரைத் திருப்பும்போது வடம் நேராக இருக்காது, மொத்தமாக ஒரு பக்கம் வீசும். கைப்பருமனுக்கு மேல் இருக்கிற கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர். மாடியில் இருந்தவனுக்கு அது மேலிருந்து தெரிந்தது. பொது சேனலில், "மூணு, இடது பக்கம் போ, வடம் வருது" என்று கத்தினான். எனக்கு நன்றாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் என் மானிட்டரில் மூன்றாம் கேமரா அசையவே இல்லை. நான் பொத்தானை அழுத்திச் சொல்வதற்குள் வடம் அவள் தோளில் பட்டு, முட்டி போட்டு விழுந்துவிட்டாள். இழுத்துக்கொண்டிருந்த பெண்களே அவளையும் கேமராவையும் சேர்த்துத் தூக்கி ஓரமாக விட்டார்கள். முட்டியிலும் முழங்கையிலும் சிராய்ப்பு, அதோடு போயிற்று. அவள் எழுந்து மறுபடி எடுத்தாள்.

இரவு சாமானைக் கட்டும்போது கேட்டேன். "நாலு பேசினது எனக்கு ஒரு வார்த்தை கூட வரலைண்ணா. நீங்க பேசினது மட்டும்தான் நாள் முழுக்க வந்தது" என்றாள். மற்றவர்களைக் கேட்டால் எல்லோரும் அதேதான் சொல்கிறார்கள். நான் பேசியது எல்லோருக்கும் போயிருக்கிறது. அவர்கள் பேசியது எனக்கு வந்திருக்கிறது. அவர்களுக்குள் மட்டும் எதுவும் போகவில்லை. வீட்டில் 3 நாள் போனது தெருவில் ஏன் போகவில்லை? பேக்கில் செட்டிங்கை ஒருவரும் தொடவில்லை. பழைய அனலாக்குக்கே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. அடுத்த மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு பாரதக் கூத்து ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.


சவுண்ட் பெட்டி, ஒசூர்:

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது நண்பரே. அந்த ஸ்லைடுதான்.

சிசிடிவி ஸ்விட்சில் அந்த ஸ்லைடைத் தள்ளினால் பல மாடல்களில் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, போர்ட்டின் வேகம் 100 மெகாபிட்டிலிருந்து 10க்கு இறங்கும். வேகம் குறைந்தால் சிக்னல் இன்னும் தூரம் தாங்கும், அதனால்தான் 250 மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, 1 முதல் 8 வரை உள்ள போர்ட்டுகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் பிரிந்துவிடும். ஒவ்வொன்றும் அப்லிங்க் போர்ட்டோடு மட்டும்தான் பேசும். சில மாடலில் இந்த இரண்டுக்கும் தனித்தனி ஸ்லைடு, சிலதில் ஒரே ஸ்லைடு. கண்காணிப்புக் கேமராவுக்கு இது நல்ல ஏற்பாடு. கேமராக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதே இல்லை, ரெக்கார்டருக்குப் படம் போனால் போதும். ஒரு கேமரா கெட்டுப்போய்க் குப்பையாக அனுப்பினாலும் மற்றதைப் பாதிக்காது.

இப்போது உங்கள் மேசை ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று பாருங்கள். அப்லிங்க்கில். அதாவது ரெக்கார்டர் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அதனால்தான் உங்களுக்கு எல்லாம் வந்தது, உங்களிடமிருந்து எல்லாம் போனது. வீட்டில் கேபிள் எல்லாம் 10 மீட்டர், ஸ்லைடைத் தொட வேண்டிய தேவையே வந்திருக்காது.

சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு லேப்டாப்பை 1லும் 2லும் செருகி ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் அடியுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை. ஸ்லைடு ஆன், பதில் வராது. ஆஃப், வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எல்லா நெட்வொர்க் இன்டர்காமிலும் இப்படித் தெரியாது. கிளியர்காம் கம்பெனியின் ஹெலிக்ஸ்நெட் மாதிரி மெயின் ஸ்டேஷன் வைத்த அமைப்பில் எல்லோருடைய குரலும் மெயினுக்குப் போய், அங்கே கலந்து, திரும்பி வரும். அதில் மெயினை அப்லிங்க்கில் செருகியிருந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரிந்தே இருக்காது. கிரீன்-கோ மாதிரி மெயின் இல்லாத அமைப்பில் ஒவ்வொரு பேக்கும் தன் குரலை மல்டிகாஸ்டாக, அதாவது ஒரே நேரத்தில் பலர் எடுத்துக்கொள்ளும்படி, நெட்வொர்க்கில் போடும், மற்ற பேக் ஒவ்வொன்றும் வேண்டியதை எடுத்துத் தானே கலந்துகொள்ளும். உங்களுடையது இந்த வகை என்று சொல்லிவிட்டீர்கள். இந்த வகையில் போர்ட்டுகளைப் பிரித்தால் நேராக உயிர்நாடியில் கை வைத்த மாதிரி. டான்டே என்ற நெட்வொர்க் ஆடியோ முறையில் ஓடும் பேக் வைத்திருந்தால் கதை வேறு: அது 10 மெகாபிட்டில் ஓடவே ஓடாது, குறைந்தது 100 வேண்டும். அதனால் ஸ்லைடைத் தள்ளிய உடனேயே எல்லாம் நின்று உங்களுக்கு உண்மை தெரிந்திருக்கும்.

ஆகவே அந்த ஸ்விட்சை டாக்பேக்குக்கு வைக்காதீர்கள். மேனேஜ்டு, அதாவது செட்டிங் மாற்றக்கூடிய, பிஓஇ ஸ்விட்ச் ஒன்று வாங்குங்கள். வாங்கியதும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது எந்தப் போர்ட்டுக்கு எந்தக் குரல் வேண்டும் என்று ஸ்விட்ச் கவனித்து அங்கே மட்டும் அனுப்புவது. அதை ஆன் செய்தால் கூடவே குவெரியர் என்பதையும் ஒரு ஸ்விட்சில் ஆன் செய்யுங்கள், யாருக்கு எது வேண்டும் என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருப்பது அதுதான். ஸ்னூப்பிங் மட்டும் இருந்து குவெரியர் இல்லாவிட்டால், யார் எந்தக் குரலைக் கேட்கிறார்கள் என்று ஸ்விட்ச் வைத்திருக்கும் கணக்கு வழக்கமாக 260 விநாடியில் காலாவதியாகும். ஆன் செய்து 4 நிமிடம் நன்றாகப் பேசும், அப்புறம் திடீரென்று மௌனம். ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு நடுவே இதை அனுபவித்தேன். 2 மணி நேரம் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். எந்தச் சோதனையையும் 10 நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, பச்சை ஈதர்நெட் என்று சொல்லும் மின்சேமிப்பு வசதியை அணைத்துவிடுங்கள். குரல் துண்டு துண்டாக வெட்டும். மூன்றாவது, ஸ்பேனிங் ட்ரீ, நெட்வொர்க்கில் கேபிள் வளையமாகச் சுற்றிக்கொள்ளாமல் பார்க்கும் வசதி. பழைய முறை ஸ்பேனிங் ட்ரீ இருந்தால் கேபிள் செருகியதும் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும். பேக் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்துவிட்டால் உடனே திறக்கும்.

அனலாக்கை விற்றுவிடாதீர்கள். கிளியர்காம் 1968ல் சான் பிரான்சிஸ்கோவில் கச்சேரி இரைச்சலுக்கு நடுவே பேசிக்கொள்வதற்காக ஆரம்பித்தது, அவர்களுடைய அனலாக்கில் இன்றும் அதே 3 பின்னும் 30 வோல்ட்டும்தான். ஜெனரேட்டர் ஒரு நொடி விழுந்து எழுந்தால் அனலாக் அந்த நொடியே பேசும். மேனேஜ்டு ஸ்விட்ச் எழுந்திருக்க ஒரு நிமிடத்துக்கு மேல் கூட ஆகலாம். அதனால் ஸ்விட்சுக்குக் கட்டாயம் யூபிஎஸ்.


கேபிள்காரன், கிருஷ்ணகிரி:

நான் சிசிடிவி வேலை செய்பவன். மேலே சொன்னது சரி. அந்த ஸ்லைடைப் பற்றி எங்கள் வேலையில் வரும் பையன்களுக்கே முதல் வருடம் தெரியாது.

130 மீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஈதர்நெட் 100 மீட்டருக்குத்தான் உத்தரவாதம். அதற்கு மேல் ஓடினால் அது அன்றைய வெயிலையும் கேபிள் முனையில் பிளக் அடித்த கிரிம்ப்பையும் பொறுத்தது. அதை நம்பித் தேர் எடுக்காதீர்கள். 90 மீட்டரில் நடுவே ஒரு சின்ன ஸ்விட்ச் வைக்கலாம், ஆனால் அங்கே கரண்டும் யூபிஎஸ்ஸும் ஒரு ஆளும் வேண்டும், திருவிழாத் தெருவில் அது தொல்லை. ஃபைபர் போட்டுவிடுங்கள். உங்கள் தெரு கேபிள் டிவி ஆபரேட்டரிடம் வீட்டுக்கு வீடு இழுக்கும் ஒல்லி ஃபைபர் ரோலாக இருக்கும், ஸ்ப்ளைஸ் மெஷினும் இருக்கும். 200 மீட்டர் வெட்டி இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டுத் தரச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், அந்தப் பக்கம் ஒரு மீடியா கன்வெர்ட்டரும் சின்ன பிஓஇ ஸ்விட்சும். ஏ, பி என்று ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், இரண்டு ஏ வாங்கினால் பேசாது. மின்னல் நேரத்தில் ஃபைபர் வழியாக எதுவும் உங்கள் மேசைக்கு வராது என்பது கூடுதல் நிம்மதி. சித்திரையில் இந்தப் பக்கம் அடிக்கிற இடி உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, உங்கள் கேட்6 எந்த வகை? விலை மலிவாகக் கிடைப்பதில் பாதி அலுமினியக் கம்பி, மேலே செம்பு முலாம். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். பெல்ட்பேக் இழுக்கும் கரண்ட் குறைவு, அதனால் வோல்ட்டேஜ் இறங்குவது பெரிய பிரச்சினை இல்லை. டிரம்மில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பீர்களே, அதில்தான் அது முறியும். வெளியே பார்த்தால் கேபிள் நன்றாக இருக்கும். உள்ளே ஒரு இழை தொட்டும் தொடாமலும் நிற்கும். சுவரில் ஒரு முறை அடித்து விட்டுவிடும் வேலைக்கு வேறு கேபிள், தினம் இழுத்துச் சுருட்டும் வேலைக்கு வேறு கேபிள். உங்களுக்கு இழைக்குள்ளே நிறையச் சன்னக் கம்பி இருக்கும் முழுச் செம்பு ரகம் வேண்டும்.


தகடூரான்:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இப்போதுதான் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்லைடு கீழே: 1லிருந்து 2க்குப் பிங் போகிறது. ஸ்லைடு மேலே: இல்லை. 6 பேக்கையும் செருகி என் தம்பி மகனிடம் ஒன்றைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். ஸ்லைடு மேலே இருந்தால் என் மேசையில் அவன் குரல் வருகிறது, பக்கத்துப் பேக்கில் வரவில்லை. அன்று தெருவில் நடந்தது அப்படியே என் கண்முன் நடந்தது. நான்காம் கேமராப் பையன் தான் சரியாகக் கூப்பிடவில்லையோ என்று இத்தனை நாளாக மனதில் வைத்துக் குமைந்துகொண்டிருந்தான். முதல் வேலையாக அவனுக்குப் போன் செய்து சொன்னேன்.

கேபிளையும் சுரண்டினேன். வெள்ளைதான்.


மூணாம் கேமரா:

அண்ணா, லிங்க் அனுப்பினீர்கள், முழுவதும் படித்தேன். அன்று விழுந்தது நான்தான். காயம் எப்போதோ ஆறிவிட்டது, அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஸ்விட்ச் விஷயம் எனக்குத் தெரியாது. பெல்ட்பேக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டு நிற்பவள் என்ற முறையில் சிலது சொல்ல வேண்டும்.

வியூஃபைண்டரில் கண் வைத்தால் எனக்கு வலது பக்கம் என்று ஒன்று கிடையாது. முதுகுப் பக்கமும் கிடையாது. என்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது காதில் வருவதுதான். உங்கள் மேசையிலிருந்து நீங்கள் பார்ப்பது நான் காட்டுகிற படத்தை. வடம் எந்தப் பக்கம் வருகிறது என்பது உங்களுக்கும் தெரியாது. அது மாடியில் இருப்பவனுக்குத்தான் தெரியும். ஆகவே எனக்கு முக்கியமான குரல் உங்களுடையது மட்டும் இல்லை அண்ணா, நாலாம் கேமராவுடையதும்தான்.

இனிமேல் ஆரம்பிக்கும் முன்பு நீங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பார்ப்பது போதாது. ஒன்று ரெண்டைக் கூப்பிடட்டும், ரெண்டு மூணைக் கூப்பிடட்டும், கடைசியில் அஞ்சு ஒன்றைக் கூப்பிடட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். அன்று இப்படிச் செய்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஹெட்செட். எனக்குக் கொடுத்தது ஒரு காது மட்டும் மூடுவது. பம்பையும் உடுக்கையும் 2 அடி தூரத்தில் அடிக்கும்போது திறந்த காது வழியாக எல்லாம் உள்ளே வந்து மூடிய காதில் இருப்பதையும் விழுங்கிவிடுகிறது. வால்யூமைக் கூட்டிக் கூட்டி இரவு வீட்டுக்குப் போனால் காதில் கொய்ங் என்று நிற்கிறது. கூட்டத்துக்குள் நிற்பவர்களுக்கு இரண்டு காதும் மூடுகிற ஹெட்செட் வேண்டும். மேசையில் இருப்பவருக்கு ஒரு காது போதும்.

பேசும் பொத்தானைப் பற்றியும் சொல்கிறேன். லேசாகத் தட்டினால் மைக் திறந்தபடியே நின்றுவிடுகிறது, அழுத்திப் பிடித்தால் மட்டும் விட்டதும் மூடுகிறது. அவசரத்தில் எல்லோரும் தட்டிவிடுகிறார்கள். ஒரு ஆள் மறந்து திறந்து வைத்தால் சேனல் முழுக்கத் தவில். தட்டினால் நிற்கிற வசதியையே எங்கள் பேக்குகளில் எடுத்துவிட முடியுமா?


பென்னாகரத்தான்:

பணம் குறைவாக வைத்து ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வழி. மம்பிள் என்று பேசுவதற்கான இலவச மென்பொருள் இருக்கிறது, 2005லிருந்து இருக்கிறது. ஒரு பழைய லேப்டாப்பில் சர்வர் போட்டு, பழைய ஆண்ட்ராய்டு போன்களில் மம்லா ஆப் போட்டால் பெல்ட்பேக் மாதிரியே பேசலாம். கல்யாண மண்டபத்துக்குள் 3 கேமராவுக்கு நாங்கள் இதைத்தான் வைத்திருக்கிறோம். வெளியூர்த் திருவிழாவில் மட்டும் வைஃபையை நம்ப வேண்டாம். கூட்டம் சேர்ந்து ஆயிரம் போன் வந்ததும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அடைத்துக்கொள்ளும். போனின் சார்ஜ் துளையில் ஓடிஜி வழியாக ஈதர்நெட் அடாப்டர் போட்டுக் கேபிளில் இணைத்தால் ஓடுகிறது, ஆனால் சார்ஜ் கணக்கைக் கவனிக்க வேண்டும்.


சவுண்ட் பெட்டி, ஒசூர்:

மூணாம் கேமரா சொன்ன சுற்று அழைப்பை எங்கள் குழுவிலும் வைத்துக்கொள்ளப் போகிறேன் தங்கச்சி. 26 வருடத்தில் எனக்குத் தோன்றாதது அது. நானும் இதுவரை மேசையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் சரிபார்த்து வந்தேன்.

பொத்தான் விஷயம்: பெரும்பாலான நெட்வொர்க் பேக்கில் அதை மாற்றலாம். செட்டப் மென்பொருளில் ஒவ்வொரு சேனலுக்கும் பேசும் பொத்தான் நிற்க வேண்டுமா, அழுத்தும் வரை மட்டுமா என்று இருக்கும். கேமராக்காரர்களுக்கு அழுத்தும் வரை மட்டும் என்று வையுங்கள். ஜிப் ஆபரேட்டருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், அவருக்கு மட்டும் நிற்கிற மாதிரி விடுங்கள். சைடுடோனையும் கொஞ்சம் கூட்டுங்கள், அதாவது தான் பேசுவது தன் காதிலேயே கேட்கும் அளவு. தன் குரல் கேட்காவிட்டால் மனிதன் கத்துவான், கத்தினால் மைக்கில் வார்த்தை உடையும். மைக் உதட்டுக்கு நேரே வேண்டாம், வாயின் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளியில் இருக்கட்டும்.


தகடூரான்:

கூத்து முடிந்து நேற்றுக் காலைதான் வந்தோம். சொன்னபடி எழுதுகிறேன்.

மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில். குவெரியர் ஆன், மின்சேமிப்பு ஆஃப், பேக் போர்ட்டுகள் எட்ஜ். எங்கள் தெரு கேபிள் ஆபரேட்டர் 200 மீட்டர் ஃபைபர் வெட்டி அன்று மாலையே கனெக்டர் போட்டுக் கொடுத்தார். அவர் பையனுக்கு ஒரு பேக்கை மாட்டிவிட்டுப் பேசச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. மேசைப் பக்கமும் மாடிப் பக்கமும் ஸ்விட்சுக்குச் சின்ன யூபிஎஸ். பழைய அனலாக்கில் 2 பேக்கை மேசைக்கும் மூன்றாம் கேமராவுக்கும் நடுவே தனியாக இழுத்துக் கட்டிவைத்தேன், தேவைப்படவில்லை. சிசிடிவி ஸ்விட்ச் கடைக் கேமராவுக்கே போய்விட்டது.

முதல் இரவு கூத்து 10 மணிக்கு. 9 மணிக்கே ஆன் செய்து, 260 விநாடி தாண்டட்டும் என்று 15 நிமிடம் வெறுமனே விட்டுவிட்டேன். அப்புறம் சுற்று அழைப்பு. நான் பேசவில்லை. "ரெண்டு, ஒன்று பேசறேன்." "கேட்குது. மூணு, ரெண்டு பேசறேன்." அப்படியே சுற்றி வந்து அஞ்சு ஒன்றைக் கூப்பிட்டதும் மேசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 11 வருடத்தில் என் ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வதை நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் அர்ச்சுனன் தபசு. கம்பம் நட்டு, வேஷக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சிக்குப் போனதும் மேலிருந்து பூவும் எலுமிச்சம்பழமும் வீசுவார். குழந்தை வரம் வேண்டி வருகிறவர்கள் அதைப் பிடிக்க முந்தானையை ஏந்திக்கொண்டு கம்பத்தடிக்கு ஒரே நேரத்தில் நெருங்குவார்கள். மூன்றாம் கேமரா அங்கேதான், லோ ஆங்கிளில் தரையில் மண்டி போட்டபடி. நான்காம் கேமரா எதிர் வீட்டு மொட்டை மாடியில். அவர் மடியில் கை விட்டதுமே நாலு பேசினான்: "மூணு, எழுந்திரு, பின்னாடி ரெண்டு அடி, வலது பக்கத்திலிருந்து வர்றாங்க." என் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் படம் மெல்ல எழுந்து பின்னால் நகர்ந்தது. ஷாட் கெடவே இல்லை. பழம் கேமராவைத் தாண்டி விழுந்து, ஒரு அம்மா முந்தானையில் பிடித்தது வரை வந்திருக்கிறது.

பாக்கி இருப்பது ஹெட்செட். இரண்டு காது மூடுவது மூன்றாம் கேமராவுக்கு மட்டும்தான் இப்போது வாங்க முடிந்தது. ஜிப்புக்கும் இரண்டாம் கேமராவுக்கும் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடை வேலைக்கு முன்பு வாங்க வேண்டும். 4 பின் கனெக்டர், டைனமிக் மைக். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது நல்ல நிலையில் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.